இப்னு கல்தூனின் வரலாற்று நோக்கு

இஸ்லாமிய நாகரிகம் மனித சிந்தனைக்கு அளித்தவை எவை என்ற வினாவுக்கு நம்மிடையே எழுதப்படும் விடைகள் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன. அட்சரகணிதத்துக்கு அல் குவாரிஸ்மி, மருத்துவத்துக்கு இப்னு ஸீனா, ஒளியியலுக்கு இப்னுல் ஹைதம் என வரிசை நீளும். வரிசையின் முடிவில், இவர்தம் நூல்கள் இலத்தீனிற் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு வழிகோலின என்ற வாக்கியம் தவறாது வந்து சேரும். மாணவரும் அதனை மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவித்துவிடுவர். பெயர்கள் மெய்யானவை, சாதனைகளும் மெய்யானவை. ஆயினும், இவ்வாறு கூறும்போது நாம் அறிந்தோ அறியாமலோ ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். அதனைத் தபாற்காரன் கொள்கை எனலாம். கிரேக்கர் ஒரு கடிதம் எழுதினர். அராபியர் அதனைப் பத்திரமாகச் சுமந்து சென்றனர். ஐரோப்பியர் பிரித்துப் படித்தனர். சுமந்தவன் அதனைப் படித்தானா, அதற்கு மறுமொழி எழுதினானா, தன் கடிதமொன்றைத் தானே எழுதினானா என்ற கேள்விகள் இக்கொள்கையில் எழுவதேயில்லை.

இதற்கு எதிராகக் கிளம்பும் சமூகப் பெருமிதமும் நம்மை வெகுதூரம் கொண்டுசெல்வதில்லை. ஐரோப்பா கண்டவற்றையெல்லாம் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே ஒரு முஸ்லிம் அறிஞர் கண்டுவிட்டார் என நிறுவ முயல்வோர், தபாற்காரனுக்குப் பட்டாடை உடுத்துகின்றனரேயன்றி அளவுகோலை மாற்றுவதில்லை. ஐரோப்பா கண்டது எதுவோ அதுவே காணத்தக்கது என்பது இரு சாராருக்கும் பொது.

மற்றொரு பழக்கமும் உண்டு. அது முற்போக்காளராகிய நம்முடையது. சமயத்தின் ஆட்சி நிலவிய காலத்திலே தோன்றிய நல்ல சிந்தனை எதுவாயினும், அது சமயத்தையும் மீறி எழுந்தது என்று சொல்லிவிட்டு நிம்மதியடைகிறோம். மீறி எழுந்ததா, அதனுள்ளிருந்தே எழுந்ததா என ஆராயும் சிரமத்தை நாம் மேற்கொள்வதில்லை.

இப்பழக்கங்கள் அனைத்தையும் ஒருங்கே சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற நூல், பதினான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் வாழ்ந்த இப்னு கல்தூனின் 'முகத்திமா'. முன்னுரை என்பதே அச்சொல்லின் பொருள். 'கிதாபுல் இபர்' என்னும் பெரிய வரலாற்று நூலுக்கு அவர் எழுதிய முகவுரையும் அந்நூலின் முதற் புத்தகமும் சேர்ந்து இப்பெயரால் வழங்குகின்றன. முன்னுரை நூலையே விழுங்கிவிட்டது. இன்று அவ்வரலாற்றைப் படிப்போர் சிலர். முன்னுரையைப் படிப்போர் பலர்.

இப்னு கல்தூன் 1332இல் தூனிஸ் நகரிற் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஸ்பெயினின் செவில் நகரத்துப் பெருங்குடியினர். 1248இல் அந்நகர் கிறித்தவ அரசரிடம் வீழ்வதற்குச் சற்று முன்னர் அதனை விட்டகன்றவர்கள். இழந்த ஊரின் நினைவு அக்குடும்பத்திலே தங்கியிருந்தது. அவருக்குப் பதினாறு பதினேழு வயதாயிருக்கையில் பெருங்கொள்ளைநோய் தூனிஸைத் தாக்கியது. தந்தையும் தாயும் ஆசிரியருட் பலரும் அதிலே மாண்டனர். பின்னர், தூனிஸ், பெஸ், கிரனடா, பிஜாயா என அரசவைக்கு அரசவை மாறிப் பணியாற்றினார்; பெஸ் நகரில் இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் சிறையிலும் இருந்தார். 1364இல் கிரனடா அரசரின் தூதுவராகச் செவிலுக்குச் சென்றபோது, தம்மிடம் தங்கிவிட்டால் மூதாதையரின் சொத்துகளை மீட்டுத் தருவதாகக் காஸ்தீல் அரசர் பெத்ரோ கூறினார். இப்னு கல்தூன் இணங்கவில்லை. அரசவைச் சூழ்ச்சிகளிலே எப்பக்கம் வெல்லும் என்று கணித்துக் கட்சி மாறுவது அவருக்கு வழக்கமாயிருந்தது. கணக்கு அடிக்கடி பிழைத்தது. சந்தர்ப்பவாதி என்று அவரைச் சொல்வதிலே தவறில்லை. ஆயின், அரசுகள் எவ்வாறு எழுகின்றன, ஏன் சரிகின்றன என்ற வினா அவருக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று என்பதையும் அதனுடன் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். 1375இல் அரசியலிலிருந்து ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையிற் குடும்பத்துடன் தங்கினார். 1377இல், ஐந்து மாத காலத்துள், முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். கொள்ளைநோய்க்குப் பிந்திய உலகம் புதிதாய்ப் படைக்கப்பட்ட ஓர் உலகம்போல மாறிவிட்டது, ஆகவே அதனை மீண்டும் விவரிக்க ஒருவர் வேண்டும் என்பது அந்நூல் பிறந்ததற்கு அவரே கூறும் காரணங்களுள் ஒன்று.

நூலின் தொடக்கத்திலேயே அவர் வரலாற்றாசிரியர்களோடு வழக்குத் தொடுக்கிறார். மூஸா நபி இஸ்ரவேலரைக் கணக்கெடுத்தபோது ஆயுதந்தாங்கவல்ல ஆடவர் ஆறு இலட்சத்துக்கு மேலிருந்தனர் என அல் மஸ்ஊதி முதலானோர் எழுதினர். இப்னு கல்தூன் கேட்பவை எளிய கேள்விகள். அத்தனை பெரிய சேனைக்கு அந்நாடு இடங்கொடுக்குமா? ஒரு முனையில் நிகழ்வதை மறுமுனை அறிய இயலாத படை எவ்வாறு போரிடும்? யஅகூபிலிருந்து மூஸாவரை நான்கு தலைமுறைகளே எனில், ஒரு குடும்பம் அத்தனை தொகையாகப் பெருகுதல் கூடுமா? படையின் தொகை, அரசின் வருமானம், செல்வரின் சொத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது மனிதர் மிகைப்படுத்துவதிலே இன்பங்காண்கின்றனர் எனவும், கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் சொல்வதிற் பத்திலொரு பங்குகூடத் தேறாது எனவும் அவர் எள்ளுகிறார்.

ஈண்டு ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. செய்தி சொன்னவன் நம்பத்தக்கவனா, அவனுக்கு யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் எனச் சங்கிலி சங்கிலியாகச் சோதிக்கும் கலை இஸ்லாமியக் கல்வியில் ஹதீஸ் ஆய்வின் பொருட்டு வளர்ந்த ஒன்று. நபியின் சொல் எது, பிறர் இட்டுக்கட்டியது எது எனப் பிரித்தறியும் சமயத் தேவையே அதனைத் தோற்றுவித்தது. மாலிக்கி சட்டவறிஞராகிய இப்னு கல்தூன் அக்கலையிலே பயின்றவர். அவர் செய்தது என்னவெனில், அதன் எல்லையைக் காட்டியமை. கட்டளைகளைப் பொறுத்தவரை சொன்னவனின் நேர்மையே போதும். நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, அவ்வாறு நிகழ்தல் இயலுமா என்பதே முதற்கேள்வி. இயலாத செய்தியை நேர்மையாளன் சொன்னாலும் பயனில்லை என்பது அவர் துணிபு. அவ்வாறாயின், எது இயலும், எது இயலாது என்று அறிவதற்கு மனித சமுதாயத்தின் இயல்புகளைப் பற்றிய ஓர் அறிவியல் தேவைப்படுகிறது. அந்த அறிவியலுக்கு அவர் 'இல்முல் உம்ரான்' எனப் பெயரிட்டார். உம்ரான் என்பது மக்கள் கூடி வாழ்ந்து நிலத்தை வளப்படுத்தலைக் குறிக்கும் சொல். தாம் கண்டது புதியதோர் அறிவியல் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அதனை வெளிப்படையாகக் கூறவும் செய்தார்.

ஆகவே, சமயத்தை மீறி எழுந்த சிந்தனை என்ற நம் வாய்பாடு இங்கே உதவாது. சமயக் கல்வியின் கருவியொன்றையே கையிலெடுத்து, அது எட்டாத இடத்துக்கு மற்றொரு கருவியைச் செய்தவர் அவர். இயற்கையிற்போலச் சமுதாயத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு என்று அவர் நம்பியதற்கும், அல்லாஹ்வின் வழமை மாறுவதில்லை என்ற அவருடைய விசுவாசம் இடங்கொடுத்தது. அத்தியாயந்தோறும் இறுதியில் இறைவனே நன்கறிந்தவன் என்று முடிக்கும் அந்த நீதிபதியை, ஒளிந்து வாழ்ந்த நாத்திகராகச் சித்திரிப்போர் அவரை வாசிக்கவில்லை, தம்மையே வாசிக்கின்றனர்.

எனினும், அவருடைய திறனாய்வு எப்போதும் ஒரே கூர்மையுடன் நின்றதெனக் கொள்ளலாகாது. 803இல் கலீபா ஹாரூன் அர்ரஷீத் தம் அமைச்சர் குலமாகிய பர்மக்கியரை அழித்ததற்கு, ஜஅபர் என்னும் பர்மக்கியருக்கும் கலீபாவின் சகோதரி அப்பாஸாவுக்குமிடையிலான காதலே காரணம் என ஒரு கதை வழங்கிற்று. இப்னு கல்தூன் அதனை மறுத்து, பர்மக்கியர் அரச அதிகாரத்தையும் வரிப்பணத்தையும் தம் கைக்குள் அடக்கியமையே காரணம் என்கிறார். அந்தப்புரத்திலிருந்து திறைசேரிக்கு வரலாற்றை நகர்த்திய அந்த அடி மிகப் பெரியது. ஆயின் கதையை மறுக்க அவர் காட்டும் நியாயம் யாது? அப்பாஸா உயர்குலத்து அரபுப் பெண். பாரசீகக் குடியினன் ஒருவனை அவள் நாடியிருக்கமாட்டாள் என்பது. காரணங்களைத் தேடிய அறிவும் குலப்பெருமையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

இயலுமா என்று கேட்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. நான் காணாதது நிகழாதது என்று கொள்வதே அது. அதனையும் அவர் அறிந்திருந்தார். இப்னு பதூதா நாடு திரும்பி இந்திய அரசரின் செல்வத்தைப் பற்றிக் கதைகதையாகச் சொன்னபோது, மொறோக்கோ அரசவையில் அவரைப் பொய்யரென்று காதோடு காதாகப் பேசிக்கொண்டனர். இளைஞராயிருந்த இப்னு கல்தூனும் தம் ஐயத்தை ஓர் அமைச்சரிடம் சொன்னாராம். அமைச்சர் ஒரு கதையால் விடையிறுத்தார். தந்தையுடன் சிறையிலேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ணும் இறைச்சி ஆட்டினுடையது என்று கேட்டு, ஆடென்பது எப்படியிருக்கும் என வினவினான். தந்தை எவ்வளவு விவரித்தும், அப்படியானால் அது எலியைப் போன்றதா என்றே அவன் கேட்டான். சிறையில் அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே. இக்கதையை முகத்திமாவிலே சேர்த்ததன்மூலம் இப்னு கல்தூன் தம்முடைய முறைக்குத் தாமே ஒரு கடிவாளமிட்டார். அவ்வாறு பொய்யரெனப்பட்ட இப்னு பதூதா 1344இல் நம் தீவுக்கும் வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உபசாரத்தைப் பெற்று, பாவா ஆதம் மலைக்குச் சென்றவர் என்பதை ஈழத்து வாசகருக்கு நினைவூட்டலாம். முகத்திமாவின் புவியியற் பகுதியிலும், அல் இத்ரீஸியைப் பின்பற்றி, ஸரந்தீப் வட்டவடிவானதென்றும், அங்குள்ள மலை உலகிலேயே உயர்ந்ததெனப்படுவதென்றும் சொல்லப்படுகிறது. அந்த உயரத்தை அளக்க அவர் மனம் கூசவில்லை போலும்.

இனி நூலின் நடுக்கருத்துக்கு வருவோம். மக்கட் கூட்டங்களின் குணமும் வழக்கமும் வேறுபடுவதேன்? அவர்கள் பிழைப்புத் தேடும் வழிகள் வேறுபடுவதனால் என்பது முகத்திமாவின் விடை. இரத்தத்திலும் குலத்திலும் விடை தேடிய ஒரு காலத்தில் இது சாதாரணமான விடையன்று. ஒட்டகம் மேய்ப்போரும், ஆடுமாடு வளர்ப்போரும், உழுவோரும், நகரத்துக் கைவினைஞரும் வணிகரும் தத்தம் உழைப்பின் இயல்புக்கேற்ற உணவும் உடையும் ஒழுக்கமும் வீரமும் உடையராகின்றனர். வறண்ட நிலத்தில், மதிற்சுவரும் காவற்படையும் இன்றி வாழ்வோரை ஒருவரோடொருவர் பிணைத்து நிறுத்துவது 'அஸபிய்யா'. இதனைக் கூட்டுணர்வு எனப் பெயர்க்கலாம். இரத்த உறவு அதன் தொடக்கமேயன்றி முடிவன்று. ஒன்றாய் வாழ்தலும் ஒன்றாய்ப் போரிடுதலும் அதனை ஆக்குகின்றன. அக்கூட்டுணர்வு வலிமைபெற்று, பெரும்பாலும் சமய அழைப்பொன்றின் துணையுடன் நகரத்தைக் கைப்பற்றும். கைப்பற்றிய பின்னர் மன்னன் தன் கூட்டத்தாரையே விலக்கிக் கூலிப்படையை நாடுவான், ஆடம்பரம் பெருகும், செலவு பெருகும், வரி பெருகும், உற்பத்தி சுருங்கும். நாற்பதாண்டு கொண்ட தலைமுறை மூன்று, ஆக நூற்றிருபது ஆண்டு, ஓர் அரசமரபின் ஆயுள் என அவர் கணக்கிட்டார். அல்முராபித்துகளும் அல்முவஹ்ஹித்துகளும் எழுந்து வீழ்ந்த மண்ணிலிருந்து எழுதியவருக்கு அது கற்பனைக் கணக்காகத் தோன்றியிராது.

வரியைப் பற்றி அவர் கூறியது அண்மைக்காலத்தில் விந்தையானதொரு புகழைப் பெற்றது. அரசின் தொடக்கத்திற் குறைந்த வரி மிகுந்த வருமானத்தைத் தரும், இறுதியில் மிகுந்த வரி குறைந்த வருமானத்தைத் தரும் என்ற அவருடைய கருத்தை, 1981 ஒக்டோபரில் அமெரிக்க சனாதிபதி றீகன் பத்திரிகையாளரிடையே எடுத்தாண்டார். செல்வர்க்கு வரிகுறைக்கும் தம் கொள்கைக்கு அறுநூறு ஆண்டுக்கு முந்திய சாட்சியொன்று கிடைத்த மகிழ்ச்சி அவருக்கு. அதே அத்தியாயங்களில் இப்னு கல்தூன் சொன்ன மற்றவற்றைச் சாட்சிக் கூண்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். வரி ஏன் ஏறுகிறது? அரண்மனையின் ஆடம்பரத்தால், கூலிப்படையின் ஊதியத்தால். வரியும் போதாதபோது மன்னன் தானே வணிகனாகி, குடிகளின் விளைபொருளை அடிமாட்டு விலைக்குப் பறித்து, தன் சரக்கை அவர்கள் தலையில் அதிக விலைக்குக் கட்டுகிறான். அப்பாற் சொத்துப் பறிமுதல். பறிக்கப்படும் என்று தெரிந்தவன் உழைக்க விரும்பான். உழைப்பு நின்றால் நகரம் பாழாகும். மிகக் கொடிய அநீதிகளுள் ஒன்று கூலியற்ற கட்டாய வேலை என்கிறார் அவர். ஏனெனில், உழைப்பே உழைப்பவனுடைய சொத்து. அதனைப் பறித்தல் அவன் பிழைப்பையே பறித்தல்.

இவ்விடத்திலேதான் நம் நண்பர்கள் சிலர் துள்ளியெழுகின்றனர். மனிதன் ஈட்டுவது அவனுடைய உழைப்பின் பெறுமதி என 1377இல் ஒருவர் எழுதிவிட்டாரெனில், அடம் சிமித்துக்கு நானூறு ஆண்டு முன்னரே, மார்க்ஸுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முன்னரே, உழைப்புப் பெறுமதிக் கோட்பாடு கண்டறியப்பட்டுவிட்டது அல்லவா என்பர். இது நாம் முன்னர்க் கண்ட பட்டாடையே. நிறம் மட்டும் சிவப்பு. உழைப்பினின்றே ஈட்டம் பிறக்கிறது என்று காணுதல் ஒன்று; அந்த உழைப்பிலிருந்து கூலிக்கு மேற்பட்ட பங்கினை உழைப்பை வாங்கியவன் எவ்வாறு பெறுகிறான் என்று காணுதல் வேறொன்று. பின்னதற்கு, உழைப்புச் சக்தி சந்தைப் பண்டமாக மாறிய ஒரு சமுதாயம் தேவை. பெஸ் நகரின் கைவினைஞர் கூட்டங்களிலும், சூடானின் பொன்னைச் சகாரா வழியே கொணர்ந்த வணிகக் கூட்டங்களிலும் அது இருக்கவில்லை. இல்லாததை அவர் காணவில்லை என்பது குறையன்று. அவருடைய சமுதாயத்தில் உழைப்பைப் பறித்தவன் முதலாளியல்லன், அரசன். அதனை அவர் கண்டார், பெயரிட்டுச் சொன்னார்.

ஒப்பிடவேண்டுமெனில் வேறோரிடத்தில் ஒப்பிடலாம். ஆதிக் கிறித்தவத்தின் வரலாறு பற்றி 1894இல் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பொன்றில் ஏங்கெல்ஸ், இஸ்லாமிய உலகின் சமயக் கிளர்ச்சிகளைக் குறிப்பிடுகிறார். செல்வத்திலே தளர்ந்த நகரத்தார்மீது வறிய பதவிகள் ஒரு மஹ்தியின் தலைமையில் எழுகின்றனர். வென்றவர் நூறாண்டில் அதே நிலையை அடைய, புதிய மஹ்தி தோன்றுகிறார். இப்னு கல்தூனின் பெயர் அங்கே இல்லை; சக்கரம் அவருடையதுபோலவே சுழல்கிறது. ஆயின் ஏங்கெல்ஸ் வினவுவது, பழைய பொருளாதார நிலைமைகள் மாறாதிருக்கையிற் கிளர்ச்சிகள் ஏன் வீணாகின்றன என்பதை. இப்னு கல்தூனுக்கு அவ்வினா எழவில்லை. சக்கரம் சுழல்வதை அவர் துல்லியமாக வரைந்தார். அச்சாணி முறியக்கூடும் என்று எண்ணவில்லை. 1966இல் பிரெஞ்சு அறிஞர் இவ் லக்கோஸ்த் தம் நூலில், அந்நிலத்தின் சமுதாய அமைப்பிலே தேக்கத்தை உடைக்கவல்ல வர்க்கமொன்று உருவாகாமைக்கும் இச்சிந்தனைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அவ்வழியே சிந்தித்தல் நமக்குப் பயன்தரும்.

அவருடைய குறைகள் வேறும் உள. கறுப்பு நிறம் நூஹ் நபியின் சாபத்தால் வந்ததென்ற கட்டுக்கதையை மறுத்து, வெப்பமே காரணம் என்றவர், அதே நூலிலே தென்கோடி ஆபிரிக்கரை விலங்கியல்புக்கு அண்மையராகவும் அடிமைத்தனத்துக்கு இசைவோராகவும் எழுதினார். சகாரா வழியே பொன்னோடு அடிமைகளும் வந்த காலமது. அந்த வணிகத்தில் வாழ்ந்த நகரங்களின் குரல் அவர் வாயில் ஒலித்தது என்று விளக்கலாம், விளக்கம் மன்னிப்பாகாது. உழவுத்தொழிலைப் பலவீனரின் பிழைப்பென்றும், வரிகொடுத்து இழிவுறுவோரின் தொழிலென்றும் கூறினார். மெய்யியலாளரை மறுப்பதற்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். சோதிடத்தையும் இரசவாதத்தையும் மறுத்த அதே கை எழுதியதுதான் அது.

இக்குறைகளைவிடப் பெருந்தீங்கு விளைத்தது, அந்நூலைப் பிறர் கையாண்ட விதம். அராபியர் கைப்பற்றிய நாடுகள் விரைவிற் பாழாகும் என முகத்திமாவிலே ஓர் அத்தியாயம் உண்டு. அங்கே அரபு என்ற சொல்லால் அவர் பெரும்பாலும் குறிப்பது நாடோடிப் பதவிகளையே. 1830இல் அல்ஜியர்ஸைப் பிடித்த பிரான்சு, அங்குள்ள அரசாங்க அச்சகத்திலேயே இப்னு கல்தூனின் பேர்பர் வரலாற்றை டி ஸ்லேன் மொழிபெயர்ப்பில் 1852 முதல் வெளியிட்டது. வந்தேறி அராபியர், மண்ணின் பேர்பர் என மக்களைப் பிரித்தாள விரும்பிய ஆட்சிக்கு அப்பக்கங்கள் மிக உவப்பாயிருந்தன. ஒரு முஸ்லிமே தம்மவரைப் பற்றி இவ்வாறு எழுதிவிட்டாரே என்பதைவிட ஆள்வோருக்கு வாய்ப்பான சாட்சி வேறென்ன? அறிவைச் சுமந்த தபாற்காரனைப் புகழ்ந்தவர்களே, அவன் எழுதிய கடிதம் கிடைத்தபோது அதனை இவ்வாறு படித்தனர்.

ஆசிரியர்கள் தவறாது படிக்கவேண்டிய பகுதி ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நூலின் இறுதி அத்தியாயம் கல்வியைப் பற்றியது. மாணாக்கரைக் கடுமையாகத் தண்டித்து வளர்த்தல் அவர்களைச் சோம்பேறிகளாகவும் பொய்யராகவும் ஆக்கும். தண்டனைக்கு அஞ்சி உள்ளொன்றும் புறமொன்றுமாக நடக்கப் பழகியவன் வளர்ந்தபின்னும் தனக்கெனத் துணிந்து நிற்கமாட்டான். அடக்கியாளப்பட்ட மக்களினங்களுக்கு நேர்ந்ததும் இதுவே என்கிறார். பிரம்பையும் கொடுங்கோலையும் ஒரே தராசில் நிறுத்திய இந்நோக்கு நம் பாடசாலைகளுக்கு இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. மற்றொன்று, சுருக்க நூல்களைப் பற்றியது. பரந்த பாடத்தை மனனஞ்செய்ய வசதியாகச் சில பக்கங்களிற் பிழிந்து கொடுத்தல் கற்போனுக்கு உதவியன்று, தடையே. நூலின் முடிபை அவன் தலையிற் சுமத்திவிட்டு, அம்முடிபுக்குச் செல்லும் வழியை மறைத்துவிடுகிறது என்பது அவர் முறைப்பாடு. உயர்தர வகுப்புக்குக் 'குறிப்பு' எழுதிக்கொடுத்து வாழும் நம்மவர் எத்தனை பேர்! இக்கட்டுரையின் தொடக்கத்திற் குறிப்பிட்ட பெயர்ப்பட்டியலும் அத்தகைய பிழிவுதான்.

இப்னு கல்தூன் தம் பிற்காலத்தை எகிப்திலே கழித்தார். 1382இல் அங்கு சென்றவர், 1384இல் கெய்ரோவின் மாலிக்கித் தலைமை நீதிபதியானார். அதே காலத்தில் அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தினர் கடலில் மூழ்கி இறந்தனர். நீதிபதிப் பதவி போவதும் வருவதுமாகப் பலமுறை மாறிற்று. 1401இல் தைமூர் திமிஷ்க்கு நகரை முற்றுகையிட்டபோது, நகருள் அகப்பட்டிருந்த அவர் மதிலிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டு, அவ்வெற்றிவீரனின் கூடாரத்துக்குச் சென்றார். கூட்டுணர்வின் பெருவலியைக் கண்ணாரக் காணும் ஆவல் அவருக்கு. தைமூர் கேட்டதற்கிணங்க வட ஆபிரிக்காவைப் பற்றிய விவரணமொன்றையும் எழுதிக் கொடுத்தார். நகரம் பின்னர்ச் சூறையாடப்பட்டது. அவர் கெய்ரோவுக்குத் திரும்பி, 1406இல் இறக்கும்வரை நூலைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு மாணாக்கர் பரம்பரை இல்லை, வானத்து விண்மீன்போலத் தனியே தோன்றி மறைந்தார் என்று பலர் எழுதியுள்ளனர். ஐரோப்பா பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டெடுக்கும்வரை அவர் எங்குமில்லை என்பதன் மறுவடிவமே இது. துருக்கிய உஸ்மானிய வரலாற்றாசிரியர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அவரைப் படித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் முகத்திமாவின் பெரும்பகுதி துருக்கியிற் பெயர்க்கப்பட்டது. அவற்றுக்கெல்லாம் முன்னரே, கெய்ரோவில் அவருடைய விரிவுரைகளைக் கேட்டவர்களுள் அல் மக்ரீஸி ஒருவர். 1403ஐ அடுத்து நைல் நதி பொய்த்து எகிப்தைப் பஞ்சம் வாட்டியது. ஆசிரியர் இறப்பதற்கு முந்திய ஆண்டில், 1405இல், அல் மக்ரீஸி பஞ்சங்களைப் பற்றிச் சிறு நூலொன்றை எழுதினார். நதி பொய்த்தமை காரணமன்று, முன்னரும் பொய்த்ததுண்டு என்று தொடங்கி, பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்பட்டமையையும், நிலக்குத்தகை பன்மடங்கு ஏறியமையையும், செப்புக்காசு பெருகிப் பணம் மதிப்பிழந்தமையையும் காரணங்களாகக் காட்டினார். எகிப்து மக்களை ஏழு வகுப்பாகப் பிரித்து, அப்பஞ்சம் ஒவ்வொரு வகுப்புக்கும் என்ன செய்தது எனத் தனித்தனியே எழுதினார். ஆட்சியாளர், பெருவணிகர், சிறுவணிகர், உழவர், கற்போரும் சிறு வருவாயினரும், கைவினைஞரும் கூலியாட்களும், ஈற்றில் இரந்துண்போர். அவ்வரிசையில் உழவர் பலவீனரென்ற பெயரால் ஒதுக்கப்படவில்லை. குத்தகையும் விதைவிலையும் ஏறியதால் அவர்களுட் பெரும்பாலோர் அழிந்தும் சிதறியும் போக, நிலம் தரிசாய்க் கிடந்தது என்ற கணக்கு அங்கே எழுதப்பட்டிருக்கிறது.